தாய்ப்பலகையில் உப்பிய கெப்பசிட்டரை மாற்றுவது எப்படி?



நமது தோட்டங்களில் கொம்பியூட்டர் இன்று புதிய சாமான் அல்ல. சிறுவர் நிலையத்திலும் பாடசாலையிலும் இருக்கிறது. சில லயக் காம்பராக்களிலும் ஒரு மூலையில் துணி போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். அவற்றில் பல, வேறு யாரோ பாவித்துவிட்டுக் கொடுத்தவை, அல்லது டவுனில் குறைந்த விலைக்கு வாங்கியவை. பழைய சாமான் என்றால் ஒரு நாள் நிற்கத்தான் செய்யும். நின்றவுடன் "போர்ட் போச்சு, இனி வேலைக்கு ஆகாது" என்று ஒரு வார்த்தை வரும். அந்த வார்த்தையோடு கொம்பியூட்டர் கட்டிலுக்கு அடியில் போய்விடும். பிள்ளைகளின் படிப்பும் அதோடு நின்றுவிடும்.

போர்ட் உண்மையாகவே போய்விட்டதா, அல்லது அதில் உள்ள நாலைந்து சின்னச் சாமான் மட்டும் போயிருக்கிறதா என்று பார்த்துத் தெரிந்துகொள்ள முடியும். கைப்பழக்கம் உள்ள ஒருவர் அதை மாற்றவும் முடியும். அதைப் பற்றியதே இந்தப் பாடம். வேலை செய்யப் போகிறவர்கள் மட்டுமல்ல, கடைக்குக் கொண்டுபோகும் தாய் தகப்பன்மாரும் இதை வாசிக்க வேண்டும். விஷயம் தெரிந்தவரிடம் யாரும் இலேசில் பொய் சொல்ல முடியாது.

1. கெப்பசிட்டர் என்றால் என்ன?

கொம்பியூட்டர் பெட்டியின் உள்ளே பெரிய பச்சை அல்லது நீல நிறப் பலகை ஒன்று இருக்கும். எல்லாச் சாமானும் அதில்தான் பொருந்தி நிற்கும். அதுதான் தாய்ப்பலகை, அதாவது மதர்போட். அதன் மேல் சின்னத் தகர டப்பா போல, சுண்டு விரல் பருமனில், நிமிர்ந்து நிற்கும் உருளைகளைக் காணலாம். அவைதான் கெப்பசிட்டர். பள்ளிப் புத்தகத்தில் கொள்ளளவி என்று படித்திருப்பீர்கள்.

அதன் வேலையை நமது பீலித் தண்ணீரை வைத்து விளங்கிக்கொள்ளலாம். பீலியில் தண்ணீர் ஒரே அளவாக வருவதில்லை. ஒரு நேரம் பாய்ந்து வரும், ஒரு நேரம் நூல் போல வரும். பீலிக்குக் கீழே ஒரு பீப்பாயை வைத்து, பீப்பாயின் அடியில் ஒரு குழாய் வைத்தால் என்ன நடக்கும்? மேலே தண்ணீர் கூடிக் குறைந்தாலும் குழாயில் ஒரே சீராக வரும். கெப்பசிட்டர் அந்தப் பீப்பாய். மின்சாரம் கூடும்போது வாங்கி வைத்துக்கொள்ளும், குறையும்போது கொடுக்கும்.

கொம்பியூட்டரின் மூளையாகிய புரொசசருக்கு மிகக் குறைந்த அழுத்தம் போதும். ஏறக்குறைய ஒன்று முதல் ஒன்றரை வோல்ட் வரைதான். ஆனால் பவர் சப்ளை 12 வோல்ட் கொடுக்கிறது. அதைக் குறைத்துக் கொடுக்கும் பகுதி புரொசசருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கேதான் கெப்பசிட்டர்கள் வரிசையாக நிற்கும். புரொசசர் ஒரு நொடிக்குள் பல தடவை கூட இழுக்கும், குறைய இழுக்கும். அந்த நேரத்தில் அழுத்தம் ஆடாமல் பிடித்து வைத்திருப்பது இந்த டப்பாக்கள்தான்.

பீப்பாயில் சேறு படிந்தால் தண்ணீர் பிடிக்கும் அளவு குறையும். குழாய் வாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் இருந்தும் வேண்டிய வேகத்தில் வராது. கெப்பசிட்டர் பழுதாகும்போதும் இந்த இரண்டுமே நடக்கிறது. கொள்ளும் அளவு குறைகிறது, உள்தடை கூடுகிறது. புரொசசர் கேட்கும் நேரத்தில் மின்சாரம் கிடைக்காது. கொம்பியூட்டர் தடுமாறி நின்றுவிடும்.

2. ஏன் உப்புகிறது?

இந்த டப்பாவின் உள்ளே இரண்டு அலுமினியத் தாள்கள் இருக்கின்றன. அவற்றுக்கு இடையில் ஒருவகைத் திரவத்தில் நனைத்த கடதாசி. எல்லாவற்றையும் சேர்த்து சுருட்டுப் போல இறுக்கிச் சுற்றி, டப்பாவில் போட்டு, அடியில் ரப்பரால் அடைத்திருப்பார்கள். திரவம் உள்ள வரைக்கும்தான் அதற்கு உயிர்.

சூடு கூடினால் திரவம் மெல்ல மெல்லக் காய்ந்து போகும். டப்பாவின் மேல் 105 பாகை செல்சியஸ் என்று அச்சடித்திருக்கும். அந்தச் சூட்டில் 2000 மணித்தியாலம் தாங்கும் என்று செய்தவர்கள் சொன்னதாக வைத்துக்கொள்வோம். சூடு 10 பாகை குறையும் ஒவ்வொரு தடவையும் ஆயுள் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது பொதுவான கணக்கு. அப்படியானால் 95 பாகையில் 4000, 85 பாகையில் 8000, 75 பாகையில் 16000, 65 பாகையில் 32000 மணித்தியாலம். ஒரு நாளைக்கு 6 மணித்தியாலம் ஓட்டினால் 75 பாகையில் ஏழு வருஷத்துக்குச் சற்று மேல், 65 பாகையில் பதினாலு வருஷத்துக்கும் மேல். பத்துப் பாகைச் சூட்டைக் குறைத்தால் ஏழு வருஷம் மிச்சம்! தூசி அடைத்த காற்றாடியைச் சுத்தம் செய்ய ஒரு மணித்தியாலம் போதும். வீட்டில் யாராவது "அது எதுக்கு வீண் வேலை" என்றால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. ஏறக்குறைய 1999 முதல் 2007 வரை உலகச் சந்தையில் ஏராளமான கெட்ட கெப்பசிட்டர்கள் வந்து சேர்ந்தன. பெரும்பாலும் தாய்வான் நாட்டுத் தயாரிப்புகள். அவற்றின் திரவத்தில் தண்ணீர்ப் பங்கு அதிகம். தண்ணீரும் அலுமினியமும் சேர்ந்தால் ஐதரசன் வாயு உண்டாகும். அதைத் தடுக்கும் மருந்தைத் திரவத்தில் சரியாகச் சேர்க்க வேண்டும். அது சரியாகச் சேராதவற்றில் வாயு பெருகி, டப்பா உப்பி, வெடித்து, திரவம் வெளியே வந்தது. பேர் போன கம்பனிகளின் கொம்பியூட்டர்களும் தப்பவில்லை. டெல் கம்பனி 2003 முதல் 2005 வரை விற்ற ஒப்டிபிளெக்ஸ் வகைக் கொம்பியூட்டர்கள் பலவற்றில் இந்தப் பழுது வந்தது. அவற்றைத் திருத்திக் கொடுப்பதற்காக 2005ஆம் ஆண்டில் 30 கோடி அமெரிக்க டொலரை அந்தக் கம்பனி ஒதுக்க வேண்டியதாயிற்று.

அந்தக் காலத்துக் கொம்பியூட்டர்கள்தான் பல கைமாறி நம்மிடம் வந்திருக்கின்றன. ஆகவே இந்தப் பழுது வந்தால், பிள்ளை கண்டபடி தட்டியதால் வந்தது என்று பிள்ளையை ஏசாதீர்கள்.

3. பழுதை எப்படி அடையாளம் காண்பது?

நடக்கும் குணம்:

- தானாக நின்று மறுபடி தொடங்கும்.
- காலைக் குளிரில் முதல் தடவை ஓடாது. நாலைந்து தடவை சுவிட்சை அமத்தினால்தான் ஓடும்.
- காற்றாடி சுற்றும், ஆனால் திரையில் ஒன்றும் வராது.
- நீலத் திரை வந்து நிற்கும். வேலை நடுவில் உறைந்துபோகும்.

இதே குணங்கள் வேறு காரணங்களாலும் வரும். எனவே முதலில் இலேசான விஷயங்களைப் பாருங்கள். ரேம் துண்டைக் கழற்றி, அதன் பொன் நிறப் பற்களைச் சுத்தமான அழிறப்பரால் மெதுவாகத் துடைத்து மறுபடி பொருத்துங்கள். காற்றாடியில் தூசி இருந்தால் எடுங்கள். திகதியும் நேரமும் ஒவ்வொரு நாளும் மாறிப்போனால், தாய்ப்பலகையில் உள்ள நாணயம் போன்ற 3 வோல்ட் பற்றரியை மாற்றுங்கள். வேறு நல்ல பவர் சப்ளை ஒன்று கிடைத்தால் அதைப் போட்டுப் பாருங்கள். இவை எல்லாம் செய்தும் குணமில்லை என்றால் கெப்பசிட்டரைப் பார்க்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியும் அடையாளம்:

டப்பாவின் தலையில் கூட்டல் குறி போல அல்லது ஆங்கில 'கே' எழுத்துப் போல ஒரு கீறல் இருக்கும். உள்ளே வாயு கூடினால் அந்த இடத்தில் கிழிந்து வெளியேறட்டும் என்று வேண்டுமென்றே போட்ட கீறல் அது. நல்ல டப்பாவின் தலை மேசை போலத் தட்டையாக இருக்கும். கெட்டதின் தலை உப்பி இருக்கும், அல்லது கிழிந்து மண்ணிறப் பொருக்குப் படிந்திருக்கும். சிலவற்றில் தலை நன்றாகவே இருக்கும். அடி ரப்பர் தள்ளி, டப்பா சரிந்து நிற்கும். அடியில் கறை தெரியும். டோர்ச் அடித்து, பக்கவாட்டில் குனிந்து பாருங்கள்.

உப்பாமலே காய்ந்துபோன கெப்பசிட்டரும் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாது. உள்தடை அளக்கும் கருவி வைத்திருப்பவர்தான் சொல்ல முடியும்.

ஏறக்குறைய 2008க்குப் பின் வந்த பல தாய்ப்பலகைகளில், பிளாஸ்டிக் உறை இல்லாத, தலையில் கீறல் இல்லாத, வெள்ளித் தகரம் போன்ற கெப்பசிட்டர்கள் இருக்கும். அவற்றில் திரவம் கிடையாது. அவை உப்புவது மிக அரிது. உங்கள் பலகையில் எல்லாம் அப்படிப்பட்டவையாக இருந்தால் பழுது வேறு இடத்தில் இருக்கிறது. வீணாகக் கழற்றாதீர்கள்.

4. உயிருக்கு ஆபத்தான இடம்

இந்தப் பகுதியைப் பிள்ளைகளுக்கு உரத்து வாசித்துக் காட்டுங்கள்.

தாய்ப்பலகையில் இருப்பது 12 வோல்ட்டும் அதற்குக் குறைந்ததும்தான். ஆனால் பவர் சப்ளை என்னும் தகரப் பெட்டிக்குள் சுவரில் இருந்து 230 வோல்ட் நேராகப் போகிறது. அதற்குள் இருக்கும் பெரிய கெப்பசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும். பிளக்கைக் கழற்றிய பின்னும் அது உடனே போகாது. கை பட்டால் ஆளைக் கொல்லக்கூடும். ஆகவே பவர் சப்ளைப் பெட்டியைத் திறக்கவே கூடாது. அது பழுது என்றால் முழுதாக மாற்றிவிடுங்கள். டீவி, கொம்பியூட்டர் திரை ஆகியவற்றின் உள்ளேயும் கெப்பசிட்டர் உப்புவது உண்டு. ஆனால் அங்கேயும் இதே ஆபத்து இருக்கிறது. இந்தப் பாடத்தை வைத்துக்கொண்டு அவற்றில் கை வைக்காதீர்கள். அது பயிற்சி பெற்றவரின் வேலை.

மற்றக் கவனங்கள்:

- வேலைக்கு முன் பிளக்கைக் கழற்றி, கொம்பியூட்டரின் சுவிட்சைப் பத்து விநாடி அமத்திப் பிடியுங்கள். பலகையில் மிஞ்சிய மின்சாரம் இறங்கும். பின் சில நிமிஷம் விட்டுவிடுங்கள்.
- சூட்டுக்கோலுக்கு மூன்று முனைப் பிளக் வேண்டும். தீக்குச்சி சொருகிய வயரில் வேலை செய்வது கூடாது.
- ஈயப் புகையைச் சுவாசிக்காதீர்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். குளிர் என்று காம்பராவை அடைத்துக்கொண்டு செய்ய வேண்டாம்.
- கைக்குழந்தையும் கர்ப்பிணித் தாயும் அந்த இடத்தில் இருக்கக் கூடாது. சமைக்கும் இடத்திலும் சாப்பிடும் மேசையிலும் ஈய வேலை செய்யக் கூடாது. வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.
- கசிந்த திரவம் தோலை எரிக்கும். துணியால் துடைத்து, கையைக் கழுவுங்கள்.
- கம்பியை வெட்டும்போது துண்டு கண்ணில் பறக்கும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.
- கம்பளிச் சுவெட்டரோடு பலகையைத் தொடாதீர்கள். உரசலில் உண்டாகும் மின்சாரம் சின்னச் சில்லுகளைக் கெடுத்துவிடும். கொம்பியூட்டரின் வெறும் தகரப் பாகத்தை முதலில் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

5. எதை வாங்குவது?

கெப்பசிட்டர் மேல் எழுதியிருப்பதை ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டு போங்கள். 3300 மைக்ரோ பரட், 6.3 வோல்ட், 105 பாகை என்பது போல இருக்கும். வாங்கும்போது பார்க்க வேண்டியவை ஐந்து.

முதலாவது, மைக்ரோ பரட். பழையது எவ்வளவோ அதே அளவு. கிடைக்காவிட்டால் சற்றுக் கூடியது போடலாம், குறைந்தது வேண்டாம்.

இரண்டாவது, வோல்ட். அதே அளவு அல்லது கூடியது. 6.3க்குப் பதில் 10 வோல்ட் போடலாம். 16க்குப் பதில் 10 போட்டால் வெடிக்கும்.

மூன்றாவது, சூடு. 105 பாகை உள்ளதாக இருக்க வேண்டும். 85 பாகை உள்ளது மலிவாகக் கிடைக்கும், வாங்க வேண்டாம்.

நாலாவது, உள்தடை குறைந்த வகையாக இருக்க வேண்டும். இதுதான் முக்கியம். ரேடியோவுக்குப் போடும் சாதாரண வகையைப் புரொசசர் பக்கத்தில் போட்டால் சூடாகிக் கொஞ்ச நாளில் அதுவும் போய்விடும். "மதர்போட்டுக்குப் போடுற லோ ஈ.எஸ்.ஆர். வகை வேணும்" என்று கடையில் கேளுங்கள். பனசோனிக், நிச்சிக்கோன், ருபிகோன், நிப்பொன் கெமிக்கோன் ஆகிய ஜப்பான் கம்பனிகளின் பெயர் நல்ல பெயர். ஆனால் அந்தப் பெயரில் போலியும் வருகிறது. நம்பிக்கையான கடையில் வாங்குங்கள்.

ஐந்தாவது, பருமன். 8 மில்லிமீற்றர் விட்டம் உள்ளதின் கால்களுக்கு இடையில் 3.5 மில்லிமீற்றரும், 10 மில்லிமீற்றர் விட்டம் உள்ளதில் 5 மில்லிமீற்றரும் இருப்பது வழக்கம். பருத்ததை வாங்கினால் பக்கத்தில் உள்ளது இடிக்கும்.

ஒன்று உப்பியிருந்தால், பக்கத்தில் நிற்கும் அதே கம்பனியின் அதே வகையையும் சேர்த்து மாற்றுவது நல்லது. ஒரே தொட்டிலில் வளர்ந்த பிள்ளைகள் மாதிரி, ஒன்றுக்கு வந்தது மற்றதுக்கும் வரும். பழைய பலகையில் இருந்து கழற்றிய கெப்பசிட்டரைப் போடாதீர்கள்.

6. வேலை செய்யும் முறை

(அ) முதலில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் பத்திரமாக வையுங்கள். கலியாணப் படம், பிள்ளையின் பாடக் குறிப்பு எல்லாம் அதில்தான் இருக்கிறது. போர்ட் போனால் வேறு வாங்கலாம். அவற்றைக் கடையில் வாங்க முடியாது.

(ஆ) பலகையை வெளியே எடுக்கு முன் எந்த வயர் எங்கே பொருந்தியிருந்தது என்று படம் எடுங்கள், அல்லது வரைந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு கெப்பசிட்டரின் வெளிர்க்கோடு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் கட்டாயம் வரையுங்கள். அந்தக் கோடு உள்ள பக்கம் மறை, அதாவது மைனஸ். பலகையில் அச்சடித்த வட்டத்தில் ஒரு பாதி நிறம் தீட்டியிருக்கும். பெரும்பாலும் அதுதான் மைனஸ். ஆனால் சில கம்பனிகளின் பலகையில் அது பிளஸ். எனவே அச்சை நம்பாதீர்கள், உங்கள் படத்தை நம்புங்கள்.

(இ) 40 முதல் 60 வோட் வரை உள்ள, சூட்டைக் கூட்டிக் குறைக்கக்கூடிய சூட்டுக்கோல் வேண்டும். ரேடியோவுக்குப் பாவிக்கும் 25 வோட் கோல் இதற்குப் போதாது. தாய்ப்பலகை பார்வைக்கு ஒன்றானாலும் உள்ளே பல அடுக்குச் செம்புத் தகடுகள் இருக்கின்றன. மைனஸ் கால் அந்தச் செம்போடு சேர்ந்திருப்பதால் சூட்டை எல்லாம் இழுத்துக்கொள்ளும். கோலின் சூடு 350 முதல் 380 பாகை வரை இருக்கட்டும்.

(ஈ) பலகையைத் திருப்பி, கெப்பசிட்டரின் இரண்டு காலும் வரும் புள்ளிகளைக் கண்டுபிடியுங்கள். அந்த இரண்டிலும் கொஞ்சம் புது ஈயம் வையுங்கள். 2006க்குப் பின் வந்த பலகைகளில் பெரும்பாலும் ஈயம் கலவாத பற்று. அது உருக 217 பாகை வேண்டும். நாம் கடையில் வாங்கும் ஈயம் கலந்த பற்று 183 பாகையில் உருகத் தொடங்கும். இரண்டும் கலந்தால் வேலை இலேசாகும்.

(உ) ஒரு காலைச் சூடாக்குங்கள். ஈயம் உருகியதும் மறு கையால் டப்பாவை ஒரு பக்கம் மெல்லச் சரியுங்கள். பிறகு மற்றக் காலைச் சூடாக்கி மறு பக்கம் சரியுங்கள். இப்படி மாறி மாறிச் செய்தால் தானாகக் கழன்று வரும். பலங்கொண்ட மட்டும் இழுக்காதீர்கள். துளையின் உள்ளே மெல்லிய செம்புப் பூச்சு இருக்கிறது. இழுத்தால் அது பிய்ந்து வரும். பிய்ந்தால் பலகையை மீட்பது மிகவும் கஷ்டம். ஓர் இடத்தில் ஐந்து விநாடிக்கு மேல் கோலை வைத்திராதீர்கள். ஆறவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

(ஊ) துளையில் அடைத்திருக்கும் ஈயத்தை எடுக்க உறிஞ்சும் பம்ப் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒரு பக்கம் சூடாக்கிக்கொண்டு, மறு பக்கத்தில் கூராகச் சீவிய பல்குத்தும் குச்சியைச் செலுத்துங்கள். ஈயம் மரத்தில் ஒட்டாது, துளை திறக்கும். துளைபோடும் கருவியைப் பாவிக்கக் கூடாது.

(எ) புதுக் கெப்பசிட்டரின் நீண்ட கால் பிளஸ், குட்டைக் கால் மைனஸ். வரைந்த படத்தைப் பார்த்து, பலகையோடு ஒட்டி நிற்கும்படி இறக்குங்கள். கீழ்ப் பக்கத்தில் காலையும் புள்ளியையும் சேர்த்துச் சூடாக்கி ஈயம் வையுங்கள். ஈயம் சின்ன மலை போலச் சரிந்து படிய வேண்டும். உருண்டையாக நின்றால் ஒட்டவில்லை என்று அர்த்தம். மிஞ்சிய காலை வெட்டுங்கள்.

(ஏ) பக்கத்துப் புள்ளியோடு ஈயம் பாலம் போட்டிருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். கறையை ஐசோபுரொப்பைல் அற்ககோல் தொட்ட பழைய பல் பிரஷினால் சுத்தம் செய்து, நன்றாகக் காயவிடுங்கள். நமது பகுதியில் பனியும் ஈரமும் அதிகம். அவசரப்பட வேண்டாம்.

(ஐ) மறுபடியும் ஒரு தடவை கோடுகளின் திசையைப் படத்தோடு ஒப்பிடுங்கள். கூடுமானால் வேறொருவரையும் பார்க்கச் சொல்லுங்கள். திசை மாறிய கெப்பசிட்டர் வெடிக்கும். முதல் தடவை கரண்ட் கொடுக்கும்போது முகத்தைக் கிட்டே கொண்டுபோகாமல் தள்ளி நில்லுங்கள். புரொசசர், ஒரு ரேம், திரை ஆகியவற்றை மட்டும் வைத்துப் பாருங்கள். புரொசசர் மேல் உள்ள உலோகக் கட்டையைக் கழற்றியிருந்தால், பழைய பசையைத் துடைத்துப் புதுப் பசை பூசிய பிறகே பொருத்த வேண்டும். ஒரு மணித்தியாலம் ஓடவிட்டு, நிறுத்தி, பிளக்கைக் கழற்றிய பின் கெப்பசிட்டரின் தலையைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் ஏதோ பிழை.

7. நமது பகுதியில் நடந்த ஒரு விஷயம்

ஒரு டிவிஷனின் சிறுவர் நிலையத்தில் இருந்த கொம்பியூட்டர், சாதாரண தரப் பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது நின்றுவிட்டது. பின்னேரத்தில் ஒன்பது பிள்ளைகள் அதில்தான் பழைய வினாத்தாள் பார்த்து, தட்டெழுதிப் பழகினார்கள். டவுன் கடையில் போர்ட் எரிந்துவிட்டது என்றார்கள். வேறு கொம்பியூட்டர் வாங்கச் சொன்னார்கள். பெற்றோர் கூடிச் சீட்டுப் பிடித்து வாங்கலாமா என்று பேசினார்கள். ஏற்கெனவே பாடசாலைச் செலவுக்கு நகையை அடகு வைத்தவர்களும் அதில் இருந்தார்கள்.

அந்த லயத்துப் பையன் ஒருவன் டவுனில் ரேடியோ திருத்தும் இடத்தில் இரண்டு வருஷம் வேலை பழகியவன். லீவுக்கு வந்தவன் பெட்டியைத் திறந்து பார்த்தான்.

"சேர், போர்ட் எரியல்ல. இந்தா பாருங்க, மூனு டப்பா உப்பியிருக்கு."

"கடையில முடியாதுன்னு சொல்லிட்டாங்களே தம்பி?"

"திறந்து பார்த்தாங்களோ என்னமோ சேர். அஞ்சையும் மாத்தினா ஓடும். ஓடாட்டியும் இதுக்கு மேல நட்டமில்ல."

அவனுடைய அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு அந்த வழியாக வந்தவர், வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "பொதுச் சாமான்ல கை வைக்காத சாமி. நாளைக்கு நம்ம மேல பழி வரும்" என்று பயந்தார். அந்தப் பயம் நியாயமானது. அதனால் பெற்றோரைக் கூப்பிட்டு, உப்பிய டப்பாக்களைக் காட்டி, ஓடாவிட்டால் யாரும் பையனைக் குறை சொல்லக் கூடாது என்று பேசி முடித்த பிறகே வேலை தொடங்கியது. ஐந்து கெப்பசிட்டருக்கும் ஆன செலவு ஒருவரின் ஒரு நாள் சம்பளத்துக்கும் குறைவு. ஞாயிற்றுக்கிழமை காலை தொடங்கிப் பின்னேரம் நாலு மணிக்கு முடிந்தது. திரையில் எழுத்து வந்தபோது பிள்ளைகள் கை தட்டினார்கள். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பரீட்சை முடியும் வரை அந்தக் கொம்பியூட்டர் நிற்கவில்லை.

இதில் இரண்டு பாடம் இருக்கிறது. ஒன்று, பொதுச் சாமானில் கை வைக்கு முன் எல்லாரிடமும் பேசி, பொறுப்பைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். மற்றது, நமது லயத்திலேயே தொழில் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களை நாம் கேட்பதில்லை.

8. எப்போது விட்டுவிட வேண்டும்?

எதையும் திருத்தியே தீர வேண்டும் என்பதில்லை. பலகையில் கருகிய இடம் இருந்தால், செம்புக் கோடு அரித்துப் போயிருந்தால், வேலையை நிறுத்துங்கள். கெப்பசிட்டர் கெட்ட பிறகும் நெடுநாள் ஓட்டியிருந்தால் பக்கத்துச் சில்லுகளும் போயிருக்கலாம்.

2003 அல்லது 2004ஆம் வருஷத்துக் கொம்பியூட்டரைத் திருத்தினாலும் அது இன்றைய இன்டர்நெட் வேலைக்கு ஈடுகொடுக்காது. தட்டெழுத்துப் பழக, கணக்குத் தாள் பழக, சேர்த்து வைத்த வினாத்தாள் பார்க்க உதவும். அதற்கு மேல் எதிர்பார்த்துப் பெரிய காசைப் போடாதீர்கள். ஆனால் தொழில் பழக அதைப் போல நல்ல பலகை கிடைக்காது. ஒன்றுக்கும் உதவாத செத்த பலகையை வாங்கி, அதில் பத்துக் கெப்பசிட்டரைக் கழற்றி மாட்டிப் பழகிய பிறகே ஓடக்கூடிய பலகையில் கை வைக்க வேண்டும்.

கழற்றிய பழைய கெப்பசிட்டர்களை அடுப்பில் போடாதீர்கள், வெடிக்கும். பீலிக்கரையிலும் எறியாதீர்கள். ஒரு டப்பாவில் சேர்த்து வைத்து, இலத்திரனியல் கழிவு சேர்க்கும் இடத்தில் ஒப்படையுங்கள்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் கைவேலையில் ஆசை உள்ளவர்கள் கைப்பழக்கத்தோடு நின்றுவிட வேண்டாம். தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்களில் பாடநெறிகள் நடக்கின்றன. தேசிய தொழில்சார் தகைமை, அதாவது என்.வி.கியூ. சான்றிதழ் கையில் இருந்தால் மதிப்பு வேறு. வேலை செய்தே பழகியவர்களும் தங்கள் திறமையைக் காட்டி அந்தச் சான்றிதழைப் பெற வழி உண்டு. உங்கள் நலன்புரி உத்தியோகத்தரிடம் கேளுங்கள், விண்ணப்பம் நிரப்ப உதவுவார்.

பயிற்சி வினாக்கள்

1. கெப்பசிட்டரைப் பீலியின் கீழ் வைத்த பீப்பாயோடு ஒப்பிடுவது ஏன்?
2. 105 பாகையில் 2000 மணித்தியாலம் தாங்கும் கெப்பசிட்டர் 85 பாகையில் எவ்வளவு காலம் தாங்கும்? ஒரு நாளைக்கு 4 மணித்தியாலம் ஓட்டினால் எத்தனை வருஷம்?
3. 1500 மைக்ரோ பரட், 16 வோல்ட் உள்ளதற்குப் பதில் 1500 மைக்ரோ பரட், 10 வோல்ட் உள்ளதைப் போடலாமா? காரணம் சொல்க.
4. பவர் சப்ளைப் பெட்டியை ஏன் திறக்கக் கூடாது?

விடைகளைப் பிள்ளைகள் ஒரு கடதாசியில் எழுதி நிலையத்தில் கொடுக்கலாம். இரண்டாவது கணக்கைத் தாய் தகப்பன்மாரும் போட்டுப் பார்க்கலாம். விடை ஐந்தரை வருஷத்துக்குக் கிட்ட வந்தால் சரி.